டோரீனுக்கு வேர்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் நானும் டோரீனும் பத்தொன்பது வருஷமாக எதிரெதிர் மேஜை. அவளுக்கு மாணவர் சேர்க்கை, எனக்கு ஆசிரியர்களின் லீவு. அவள் கிறிஸ்தவள், நான் ஐயர் வீட்டுப் பெண். அவர்கள் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். "எங்க ஐயர் ஒங்க ஐயரவிட நல்லாப் பாடுவாரு லக்ஷ்மி" என்று என்னைச் சீண்டாமல் அவளுக்கு ஒரு திங்கட்கிழமை போகாது. அவள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து ராணுவ டிப்போ வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறை பூனாத் தண்ணீர் குடித்தும் அவள் வாயை விட்டுத் திருநெல்வேலி போகவில்லை. நடுவே இந்தியும் மராத்தியும் வந்து உட்கார்ந்துகொண்டதோடு சரி.

இவ்வளவு வாயாடிக்குள் ஒரு பயம் குடியிருந்ததை ஆறு வருஷம் நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், தப்பாகக் கவனித்தேன். என்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் தம்பி கிரேக் புசாவலில் ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்க்கிறான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டு போனவன், பதினோரு வருஷம் தேஹு ரோடு பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் டோரீன்தான். சாவுக்கு வந்த கிரேக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் தவறாமல் போன் செய்வான். "அப்பா கஷ்டப்படாம ஒரே நிமிஷத்துல போனாரே, அது போதும்க்கா" என்பான். டோரீன் பேச்சை மாற்றுவாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை அவளுக்கு அது வந்தது அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்குத் திருவிருந்து. வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். கிராதி தாழ்வானது. வயிறு அதில் அழுந்த, நெற்றி கைகளில் படும்படி கவிழ்ந்து குனிவது அந்தச் சபையில் வழக்கம். எவ்வளவு குனிகிறார்களோ அவ்வளவு தாழ்மை. அதற்கு முன்னால் ஐயர் ஓர் எச்சரிப்பு வாசிப்பார். மனதில் குற்றத்தை ஒளித்து வைத்துக்கொண்டு தகுதியில்லாமல் இதை வாங்குகிறவர்கள் தங்கள்மேல் தீர்ப்பையே வாங்கிக்கொள்கிறார்கள், பலர் நோயில் விழுவது அதனால்தான் என்று. மற்றவர்கள் அதை ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி கேட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

அப்பா போன மறு வருஷம், கிராதியில் குனிந்த டோரீனுக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. பின்மண்டை பிளக்கும் தலைவலி. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்வை. எல்லாவற்றுக்கும் மேலே, இதோ இந்த நிமிஷமே செத்துப்போகிறேன் என்ற பயம். இருபது நிமிஷத்தில் வந்த சுவடு தெரியாமல் எல்லாம் போய்விட்டது. அடுத்த திருவிருந்திலும் வந்தது, அதற்கடுத்ததிலும் வந்தது.

நாலாவது மாதம் அவள் எழுந்து போகவில்லை. கணவர் இன்பநாதனிடம் முட்டி வலி என்றாள். சின்ன சபையில் திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவளை விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? புருஷனோடு சண்டை என்றார்கள், ஏதோ பாவம் என்றார்கள். ஏதோ பாவம் என்றவர்கள் சொன்னதைத்தான் டோரீனும் நம்பினாள் என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு அது ஆபீஸுக்கும் வந்தது. பழைய சேர்க்கை ரெஜிஸ்தர்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும். குனிந்து ஒன்றை இழுப்பாள். நிமிரும்போது முகத்தில் ரத்தம் இருக்காது, கை நடுங்கும். மேஜையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்ப்பாள். யாரோ உள்ளே வரப்போவது போலப் பார்ப்பாள். எனக்கே முதுகு சில்லிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

"மெனோபாஸ்டி. எனக்கும் இப்படித்தான் வேர்த்துக் கொட்டித்து" என்றேன். இரண்டு வருஷம் அதையே சொன்னேன். வேர்க்கும்போது எனக்கு முகம் சிவந்தது, அவளுக்கு வெளுத்தது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கண் இருந்தது, புத்தி இல்லை. இன்பநாதன் வாயு என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். பக்கத்து டாக்டர் டென்ஷன் என்று தூக்க மாத்திரை எழுதினார். ஆளுக்கொரு வைத்தியம், அவளுக்கு ஒரே வியாதி.

போன வருஷம் ஜூன் மாதம், சேர்க்கை நெரிசலில், ரெஜிஸ்தரை இழுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, இருந்தவர்களை இறக்கிவிட்டு, பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் பி.பி. பார்த்தாள். இருநூற்று முப்பதுக்கு நூற்று முப்பது. மறுபடி பார்த்தாள், அதேதான். டாக்டர் வந்து சேர அரைமணி ஆயிற்று. அவர் பார்த்தபோது நூற்று முப்பதுக்கு எண்பது. நர்ஸுக்குத் திட்டு விழுந்தது, மெஷினை ரிப்பேருக்கு அனுப்பச் சொன்னார்கள். டோரீன் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "சல், போவோம். ரெஜிஸ்தர் தரையில கெடக்கு" என்றாள்.

எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. நர்ஸ் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் லோக்கல் ரயிலில் அவளைச் சிஞ்ச்வட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ப்ரீத்தி என்று ஒரு பெண், தமிழ் வீட்டில் பிறந்து பிம்ப்ரியில் வளர்ந்தவர். சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மெஷின் கெட்டுப்போகல, ஆன்ட்டி" என்றார். "இது எப்போ வரும்? என்ன பண்ணும்போது வரும்?"

ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டோரீன் தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா, எப்பவாவது வரும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இல்ல டாக்டர். கோயில்ல முட்டி போட்டுக் குனிஞ்சா வரும்னு இவ ஆத்துக்காரர் சொல்றார். ஆபீஸ்ல கீழ்த்தட்டுக்குக் குனிஞ்சா வர்றதை நானே பார்த்திருக்கேன்" என்றேன்.

டோரீன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோயிலில் வருவது தீர்ப்பு என்றால் பீரோவுக்கு முன்னால் வருவது என்ன என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து அதன் தலையில் ஒரு தொப்பி போட்டார். "இது அட்ரினல் சுரப்பி. நாம பயந்தா இதுலேர்ந்துதான் சுரக்கும். இதுல ஒரு வகைக் கட்டி வந்தா, பயமே இல்லாம சும்மா இருக்கும்போதே மொத்தமா கொட்டும். வயித்த அழுத்தினா, குனிஞ்சா இன்னும் கொட்டும். தலைவலி, வேர்வை, படபடப்பு மூணும் சேர்ந்து வந்து சேர்ந்து போகும். பி.பி. எங்கேயோ ஏறி, அப்புறம் நார்மலா நிக்கும். ரொம்ப ரேர். அதனாலதான் யாரும் இத நினைக்கறதே இல்ல."

ஒரு நாள் முழுவதும் சேர்ந்த மூத்திரத்தைப் பெரிய கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதைத் துணிக்கடைப் பையில் போட்டு லோக்கலில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பக்கத்தில் உட்கார்ந்த மராத்திக்காரி கோகம் சர்பத்தா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் டோரீன் கடைசியாகச் சிரித்தாள். ரிசல்ட் வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் ஐந்து சென்டிமீட்டர் கட்டி.

டாக்டர் ப்ரீத்தி அடுத்ததாகக் கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்ததா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க?"

"யாருக்கும் இல்ல" என்றாள் டோரீன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில குடும்பத்துல இது பரம்பரையா வரும். தெரியாம வேற ஏதாவது ஆபரேஷன்னு மயக்க மருந்து கொடுத்தா டேபிள்லயே உயிர் போயிடலாம்."

"இல்ல டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் சாயாவை முன்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அப்பா ஒரு நிமிஷத்தில் போகவில்லை, நாலு நாள் கிடந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுக்கும், போர்வை நனையும், நெஞ்சு துடிக்கிற துடிப்பு பனியனுக்கு வெளியே தெரியும். யாரோ நெஞ்சில் ஏறி நிற்கிறார்கள் என்பார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். டாக்டர் வந்தபோதெல்லாம் நன்றாக இருந்தார், ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். இன்பநாதன் அந்த வாரம் ஊரில் இல்லை. ஒவ்வொரு தடவை தெளிந்ததும் கிரேக்கைக் கேட்டார்.

"நான் கிரேக்குக்குச் சொல்லவே இல்ல லக்ஷ்மி. பதினோரு வருஷம் மூத்திரம் பீ அள்ளினவ நான். அவரு ஒரு தடவகூட 'எம் மவ இருக்கா'ன்னு சொன்னதில்ல. நாலு நாளும் அவன்தான். வந்தா அழுது கால்ல விழுந்து நல்ல பிள்ளையாயிருவான். தானா வரட்டும் பாப்போம்னு இருந்துட்டேன். அப்பாட்ட மட்டும் சொல்லிட்டேன், வாரேன்னு சொல்லுதான்னு பொய் சொல்லிட்டேன். செத்தப்புறம் கிரேக்குட்ட சாயா குடிச்சுட்டே போயிட்டாருன்னு சொன்னேன்."

ஆறிப்போன சாயாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கிராதியில மொதல்ல வந்துச்சே, அப்ப அப்பாவுக்கு வந்த அதே மாதிரி வந்துச்சு. ஒண்ணு மாறாம வந்துச்சு. ராத்திரி கண்ணாடியில பாத்தா அவரு மொகம். அவருதான் வந்து எம் மேல ஏறி நிக்காருன்னு நெனச்சேன். சாமி அனுப்பி வைக்காருன்னு நெனச்சேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே குறுகுறுத்தது நெஞ்சு இல்லை, சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி. இந்த வியாதியின் அடையாளங்களை எல்லாம் இரண்டு உடம்பில் பார்த்துத் தெரிந்த ஒரே ஆள் டோரீன்தான். அதை நோயாகப் பார்க்க அவளால் முடியாமல் போனதும் அதனால்தான்.

திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னாள். "ரெண்டு பேருக்குன்னா பரம்பரையா இருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. அப்பாவுக்கு இதுதான்னு இனிமே நிரூபிக்க முடியாது. ஆனா உங்க தம்பிக்கு உடனே சொல்லணும்" என்றார் டாக்டர். டோரீன் தலையாட்டினாள். தனக்குக் கட்டி என்பதை மட்டும் கிரேக்குக்குச் சொன்னாள். மிச்சத்தை ஆபரேஷன் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டாள். ரத்தக் குழாய் தளர்வதற்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து, கட்டியை எடுத்தார்கள்.

உடம்பு தேறியபின் வந்த முதல் திருவிருந்து ஞாயிறு, "நீயும் வா" என்று கூப்பிட்டாள். பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். டோரீன் எழுந்து போனாள். சபையே திரும்பிப் பார்த்தது. கிராதியில் கவிழ்ந்து நன்றாகக் குனிந்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்ன பண்றது? வேர்க்கறதா?" என்று பதறினேன்.

"ஒண்ணுமே ஆகல லக்ஷ்மி. ஒண்ணுமே ஆகல." மூக்கை உறிஞ்சினாள். "ஆறு வருஷமா சாமி அடிக்காருன்னு நெனச்சேன். அடி வாங்குதோமேன்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு. அவரு அடிக்கவே இல்ல. நான் செஞ்சது அப்படியேதான் கெடக்கு."

மறுநாள் கிரேக்கின் மகள் ரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. வியாழக்கிழமை டாடிக்குக் குடலிறக்க ஆபரேஷன், சின்னதுதான், ஜெபம் செய்யுங்கள் அத்தை என்று. டோரீன் போனை என்னிடம் நீட்டினாள். மயக்க மருந்து பற்றி டாக்டர் ப்ரீத்தி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிரேக்கைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏல கிரேக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு எடுத்த அந்த டெஸ்ட எடுத்துருல. இது குடும்பத்துல வரும்ங்காங்க."

"எக்கா, அதை டாக்டர்ட்ட கேட்டுட்டேன். ஒரு ஆளுக்கு வந்தா எல்லாருக்கும் வராது, ஒங்க அப்பாவுக்கும் இருந்துச்சுன்னா சொல்லுங்க, எழுதித் தாரேன்னாரு. அப்பாவுக்கு என்ன இருந்துச்சு? சாயா குடிச்சுட்டே போயிட்டாரு. நீதான சொன்ன."

"ஒனக்கு வேர்க்கா? தல வலிக்கா?"

"எஞ்சினுக்கு அடியில குனிஞ்சு வேல பாத்தா எவனுக்கு வேர்க்காது? ஃபிக்கர் மத் கரோ, கவலப்படாத" என்று சிரித்தான்.

போனை வைத்துவிட்டு டோரீன் டிபன் டப்பாவை மூடினாள். அவளுடைய பொய்தான் இப்போது அவனுக்கு எமனாக நிற்கிறது என்று சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் காலியாக இருந்த ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள். வாசலில் யாரும் வராமல் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

"அப்பா ஒரு நிமிஷத்துல போகலல. நாலு நாள் கெடந்தாரு. எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்துச்சு. டாக்டர்ட்ட இதச் சொல்லு. ஒன்னக் கேட்டாரு. நான்தான் சொல்லல."

அந்தப் பக்கம் ஏதோ எஞ்சின் ஹார்ன் அடித்தது.

"ஏங்க்கா?"

"கோவம்."

போன் அணைந்தது. புதன்கிழமை அவன் எடுக்கவில்லை, ரியாவும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை டோரீன் ரெஜிஸ்தரைத் தலைகீழாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு ரியாவின் செய்தி வந்தது. 'ஆபரேஷன் கேன்சல். டாடி டெஸ்டுக்குக் கொடுத்திருக்கார்.' டோரீன் அதைப் பலமுறை படித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிரேக்குக்கு வலது பக்கம் இருந்தது, நாலு சென்டிமீட்டர். டாக்டர் ப்ரீத்தியிடமே வந்து சேர்ந்தான். அந்தக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னபோதும் அவன் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டியை எடுத்தபின் தினமும் அவள் கஞ்சி கொண்டுபோனாள். வாங்கிக் குடிப்பான். டம்ளரைக் கீழே வைப்பான். ஒரு வார்த்தை கிடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நானும் கூடப் போனேன். ரியா மருந்து வாங்கப் போயிருந்தாள். கிரேக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அந்த நாலு நாளயும் சொல்லு" என்றான். "மொத நாள் காலையிலேருந்து சொல்லு. ஒண்ணயும் விடாத. இந்த வாட்டி பொய் சொல்லாத."

நான் எழுந்தேன். "லக்ஷ்மிக்கா, நீங்க இருங்க" என்றான். உட்கார்ந்தேன்.

டோரீன் சொன்னாள். அப்பா என்ன குடித்தார், என்ன வேண்டாம் என்றார், எத்தனை தடவை போர்வை மாற்றினாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அப்பா, "பய எங்க வாரான்?" என்று கேட்பாராம். முதல் நாள் புசாவலை விட்டுட்டான் என்றாள். அடுத்த தடவை மன்மாட் என்றாள். பிறகு வண்டி லேட், நகர் ஸ்டேஷன் தாண்டலை என்றாள். மூன்றாம் நாள் தௌண்டில் நிற்கிறது என்றாள். நாலு நாள் ஓடும் ரயில் எது என்று கேட்கும் தெளிவு அவருக்கு இல்லை. ரயில்காரனான கிரேக் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் அசையாமல் கேட்டுக்கொண்டான்.

"கடைசியா எப்பக் கேட்டாரு?"

"போன அன்னைக்குக் காலையில."

"அப்ப நான் எங்க வந்திருந்தேன்?"

டோரீன் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆகுர்டி" என்றாள்.

ஆகுர்டிக்கு அடுத்த ஸ்டேஷன் தேஹு ரோடு. லோக்கலில் ஐந்து நிமிஷம்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"கதவத் தொறந்து வைன்னாரு."

கிரேக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "தொறந்து வச்சியா?" என்று கேட்டான்.

"வச்சேன்" என்றாள் டோரீன்.